ஃபோர்ட்ரான் ஃபைல்களை எந்த வரிசையில் கம்பைல் செய்வது? லேபில் ஓடுகிறது, லேப்டாப்பில் ஓடவில்லை

பாளைமாணவி

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் சிவில் முதுகலை படிக்கிறேன். தாமிரபரணியின் ஒவ்வொரு அணைக்கட்டையும் எவ்வளவு தண்ணீர் தாண்டுகிறது, கால்வாய்க்கு எவ்வளவு பிரிகிறது என்று கணக்கிடும் நிரல் ஒன்று எங்கள் துறையில் சீனியர்கள் கை மாறி என்னிடம் வந்திருக்கிறது. ஃபோர்ட்ரான் 90 மொழியில் எழுதியது. மொத்தம் ஐந்து ஃபைல்: டைப்ஸ், அனிகட், சேனல், ரெயின், சிமுலேட். பில்டு செய்ய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் உண்டு. அதில் இருப்பது ஒரே வரி:

ஜிஃபோர்ட்ரான் -ஓ நதி *.எஃப்90

லேப் கணினியில் ஓடுகிறது. என் லேப்டாப்பில் அனிகட் ஃபைலிலேயே நின்றுவிடுகிறது. டைப்ஸ் மாட்யூலின் .மாட் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்கிறது. இரண்டு கணினியிலும் உபுண்டுதான், ஜிஃபோர்ட்ரான் பதிப்பும் ஒன்றுதான். புரியாத விஷயம் என்னவென்றால், அதே ஸ்கிரிப்டை உடனே இன்னொரு தடவை ஓட்டினால் எரர் இல்லாமல் முடிந்துவிடுகிறது. புதிய ஃபோல்டரில் நகல் எடுத்து ஓட்டினால் மறுபடி அதே எரர்.

டைப்ஸை முதலில் கம்பைல் செய் என்று எப்படிச் சொல்வது? ஃபைல் பெயர்களுக்கு முன்னால் 01, 02 என்று எண் போடச் சொல்கிறாள் தோழி. அது சரியான வழியா?

முக்கூடல்

நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டு ஐந்து பெயரையும் வரிசையாக எழுதுங்கள். டைப்ஸ், அனிகட், சேனல், ரெயின், சிமுலேட். கொடுத்த வரிசையிலேதான் கம்பைலர் எடுக்கும். வேலை முடிந்தது.

அம்பாசமுத்திரம்

முக்கூடல் சொன்னது வேலை செய்யும். ஆனால் லேபில் ஏன் ஓடுகிறது என்று தெரியாமல் விட்டால் இன்னொரு நாள் இன்னொரு ரூபத்தில் வரும்.

தங்கச்சி, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். டைப்ஸ் ஃபைலின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறதா? இரண்டு கணினியிலும் லொக்கேல் (மொழி, வட்டார அமைப்பைக் காட்டுவது) என்ற கட்டளையைக் கொடுத்தால் என்ன வருகிறது?

பாளைமாணவி

ஆமாம் அண்ணாச்சி, டைப்ஸ் மட்டும் பெரிய டி. மற்ற நாலும் சின்ன எழுத்து. லேப் கணினியில் லொக்கேல் சி என்று இருக்கிறது. லேப்டாப்பில் இந்திய ஆங்கிலம், யூடிஎஃப்-8. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

அம்பாசமுத்திரம்

நட்சத்திரக் குறியை விரிப்பது கம்பைலர் இல்லை, ஷெல். பாஷ் ஷெல் அந்தப் பெயர்களை லொக்கேல் சொல்லும் அகரவரிசைப்படி அடுக்கித்தான் கம்பைலரிடம் கொடுக்கிறது. சி லொக்கேலில் ஆங்கிலப் பெரிய எழுத்து எல்லாம் சின்ன எழுத்துக்கு முன்னால். அதனால் லேபில் டைப்ஸ் முதலில் போகிறது, மற்றவை ஏ, சி, ஆர், எஸ் என்று பின்னால் வருகின்றன. உங்கள் நிரலுக்குத் தேவையான வரிசையும் தற்செயலாக அதுவே. இந்திய ஆங்கில லொக்கேலில் பெரிசு சின்னது பார்க்காமல் எழுத்தை வைத்து அடுக்குவதால் டைப்ஸ் கடைசிக்குப் போய்விடுகிறது. யாரோ ஒரு சீனியர் ஃபைலுக்குப் பெரிய டி வைத்ததால்தான் இந்த பில்டு இத்தனை நாள் பிழைத்திருக்கிறது.

ஃபோர்ட்ரானில் இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், ஒரு மாட்யூலைக் கம்பைல் செய்யும்போது .ஓ என்ற ஆப்ஜெக்ட் ஃபைலோடு .மாட் என்ற ஃபைலும் பிறக்கிறது. அந்த மாட்யூலை யூஸ் என்று சொல்லி எடுக்கும் எந்த ஃபைலும் கம்பைல் ஆகும்போது அந்த .மாட் ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும். சி மொழியில் ஹெட்டர் ஃபைலை நாமே எழுதி வைத்துவிடுகிறோம், அதனால் எந்த .சி ஃபைலை முதலில் எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. ஃபோர்ட்ரானில் அந்த ஹெட்டரையே கம்பைலர்தான் செய்து தருகிறது.

இரண்டாம் தடவை ஓடுவதற்கும் காரணம் இதுதான். முதல் ஓட்டத்தில் அனிகட் தோற்றாலும் ஜிஃபோர்ட்ரான் அங்கேயே நிற்பதில்லை, மிச்ச ஃபைல்களையும் கம்பைல் செய்து பார்த்துவிட்டு, லிங்க் மட்டும் (.ஓ ஃபைல்களை ஒன்றுசேர்த்து ஓடும் நிரலாக்குவது) செய்யாமல் விடுகிறது. கடைசியில் இருந்த டைப்ஸ் யாரையும் நம்பி இல்லாததால் தேறிவிடும், அதன் .மாட் ஃபைலும் ஃபோல்டரில் உட்கார்ந்துவிடும். அடுத்த ஓட்டத்தில் அனிகட்டுக்கு அது கிடைத்துவிடுகிறது.

பயப்பட வேண்டிய இடம் இதுதான். அனிகட் படித்தது போன தடவை உருவான .மாட். நடுவில் நீங்கள் டைப்ஸை மாற்றியிருந்தால், மற்ற நாலு ஃபைலும் பழைய டைப்ஸை வைத்துக் கம்பைல் ஆகும், கடைசியில் புது டைப்ஸ் வந்து லிங்கில் சேரும். எரர் வராது. விடைதான் தப்பாக வரும்.

எண் போடுவது பற்றி: ஐந்து ஃபைலுக்கு ஓடும். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே ஒன்று சேர்க்க வேண்டி வந்தால் எல்லாப் பெயரையும் மாற்ற வேண்டியிருக்கும். அதைவிட, எது முதலில் என்பதை எண் சொல்கிறதே தவிர ஏன் முதலில் என்பதைச் சொல்வதில்லை. உங்களுக்கு அடுத்து வரும் மாணவருக்கு அந்த ஏன் வேண்டும்.

பாளைமாணவி

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றைய வெளியீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

நிரலில் அணைக்கட்டுகளின் எண்ணிக்கை டைப்ஸ் மாட்யூலில் ஒரு பாராமீட்டர். மேலே கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று 7 இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய எட்டாவது அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம் விடுபட்டிருந்ததால் அதை 8 ஆக்கி, உள்ளீட்டு ஃபைலிலும் ஒரு வரி சேர்த்தேன். லேப்டாப்பில் பில்டு எரர் இல்லாமல் முடிந்தது. வெளியீட்டில் மருதூரோடு வரிகள் நின்றுவிட்டன. ஸ்ரீவைகுண்டத்துக்கு வரியே இல்லை. உள்ளீட்டு ஃபைலில்தான் கோளாறு என்று நினைத்து அதையே தேடிக்கொண்டிருந்தேன். இப்போது எதையும் மாற்றாமல் இன்னொரு முறை பில்டு செய்தேன், 8 வரியும் வந்துவிட்டது.

அம்பாசமுத்திரம்

அதேதான். பாராமீட்டரின் மதிப்பைக் கம்பைலர் யூஸ் செய்யும் ஃபைலுக்குள்ளேயே பதித்துவிடும். பழைய .மாட் ஃபைலில் 7 இருந்தது, அனிகட்டிலும் சிமுலேட்டிலும் 7 பதிந்துவிட்டது. ஒரு வரி முழுசாகக் காணாமல் போனதால் கண்ணில் பட்டது. கசிவு விகிதம் மாதிரி ஏதாவது ஒரு பின்ன எண்ணை மாற்றியிருந்தால் 8 வரியும் இருக்கும், எல்லாமே பழைய கணக்காக இருக்கும், யாருக்கும் தெரியாது. வெள்ளக் கணக்கில் இது சின்ன விஷயம் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஆற்றங்கரையில் நடந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

மேக் என்ற பில்டு கருவிக்கு, எந்த ஃபைலுக்கு எது தேவை என்று சொல்லும் மேக்ஃபைல் எழுதுங்கள். இவ்வளவுதான்:

நதி: டைப்ஸ்.ஓ அனிகட்.ஓ சேனல்.ஓ ரெயின்.ஓ சிமுலேட்.ஓ
அனிகட்.ஓ: டைப்ஸ்.ஓ
சேனல்.ஓ: டைப்ஸ்.ஓ அனிகட்.ஓ
ரெயின்.ஓ: டைப்ஸ்.ஓ
சிமுலேட்.ஓ: டைப்ஸ்.ஓ அனிகட்.ஓ சேனல்.ஓ ரெயின்.ஓ

முதல் வரிக்கு அடியில் லிங்க் கட்டளை வரும். இதோடு %.ஓ: %.எஃப்90 என்ற பொது விதியையும் எழுதி, அதற்கு அடியில் கம்பைல் கட்டளையைப் போடுங்கள். கட்டளை வரிகள் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும். பொது விதியை விட்டுவிடாதீர்கள். குனு மேக்கோடு பிறந்த விதிகளில் .எஃப்90-க்கு எதுவும் கிடையாது, ஆனால் .மாட் என்றால் மாடுலா-2 மொழி மூலம் என்று ஒரு பழைய விதி இருக்கிறது. அனிகட்.மாட் கண்ணில் பட்டதும் எம்2சி என்ற கம்பைலரைக் கூப்பிடப் போய், அப்படி ஒன்று இல்லை என்று எரர் கொடுக்கும்.

இந்த மேக்ஃபைலில் முதலில், இரண்டாவது, மூன்றாவது என்று எங்கேயும் எழுதவில்லை, கவனித்தீர்களா? யாருக்கு யார் தேவை என்று மட்டும் சொல்லியிருக்கிறோம், வரிசையை மேக் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஆற்றுக் கணக்கும் அப்படித்தானே. மணிமுத்தாற்றை முதலில் கணக்கிட்டாலும் கடனாநதியை முதலில் கணக்கிட்டாலும் ஒன்றுதான். ஸ்ரீவைகுண்டத்துக்கு வருமுன் இரண்டும் முடிந்திருக்க வேண்டும், சீவலப்பேரியில் சேரும் சிற்றாறும் முடிந்திருக்க வேண்டும். ரெயினும் அனிகட்டும் அந்த மாதிரி, ஒன்றை ஒன்று தொடாதவை. டைப்ஸை மாற்றினால் மேக் ஃபைல் நேரத்தைப் பார்த்து நாலையும் திரும்பக் கம்பைல் செய்யும். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் மேக்கை எழுதியதே, மாற்றிய ஃபைலைத் திரும்பக் கம்பைல் செய்யாமல் பழைய பைனரியில் பிழை தேடி நேரம் வீணாகிற இந்தக் கொடுமைக்காகத்தான்.

முக்கூடல்

அண்ணாச்சி, மேக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்து ஃபைல், முழுசாகக் கம்பைல் ஆகவே சில நொடிதான். ஸ்கிரிப்டின் முதல் வரியில் எல்லா .மாட், .ஓ ஃபைலையும் அழித்துவிட்டு, அடுத்த வரியில் ஐந்து பெயரையும் வரிசையாக எழுதினால் பழைய .மாட் பிரச்சினைக்கு இடமே இல்லை. ஒவ்வொரு தடவையும் சுத்தமான பில்டு. மேக்ஃபைலில் ஒரு சார்பை எழுத மறந்தால் அந்தப் பிரச்சினை அப்படியே திரும்பி வரும். ஸ்கிரிப்டில் வராது, வரிசை தப்பினால் அங்கேயே எரர்.

அம்பாசமுத்திரம்

நியாயமான பேச்சு. ஐந்து ஃபைலோடு நிற்கும் என்றால் நானும் அதையே செய்வேன். நிற்குமா, தங்கச்சி?

பாளைமாணவி

நிற்காது அண்ணாச்சி. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் எல்லாவற்றுக்கும் தனித்தனி மாட்யூல் எழுதச் சொல்லியிருக்கிறார் கைடு. குளங்களும் வரும். அறுபது ஃபைலாவது ஆகும்.

தென்காசிச்சாரல்

அப்படியானால் கையால் சார்பு எழுதுவதை இப்போதே நிறுத்துங்கள். முக்கூடல் சொன்னது உண்மை: மறந்துபோன சார்பு மேக்ஃபைலில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பில்டுகளைப் பராமரிப்பதுதான் என் வேலை, இந்த ரகப் பிழை எங்கள் குழுவில் அடிக்கடி வரும்.

சாதாரணமாக மேக் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும், தேவைகளை எழுதிய வரிசையில் இடமிருந்து வலமாக எடுத்துக்கொள்ளும். ரெயினுக்கு டைப்ஸ் தேவை என்ற வரியை நீங்கள் எழுத மறந்தாலும், முதல் வரியில் டைப்ஸ்.ஓ முன்னால் இருப்பதால் பில்டு ஓடிவிடும். யாராவது -ஜே8 என்று போட்டு எட்டு வேலையை ஒரே நேரத்தில் விட்டால் ரெயினும் டைப்ஸும் சேர்ந்தே கிளம்பும். சில சமயம் தேறும், சில சமயம் தேறாது. அப்போது பலரும் செய்வது -ஜே-யை எடுத்துவிடுவது, இல்லையென்றால் .நாட்பேரலல் என்று எழுதிவைப்பது. பில்டு மெதுவாகும், பிழை அங்கேயே இருக்கும்.

குனு மேக் 4.4, அதாவது 2022 அக்டோபரில் வந்த பதிப்பில், இதைப் பிடிக்கவே ஒரு வசதி வைத்தார்கள்: --ஷஃபிள். தேவைகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்துப்போட்டு ஓட்டும். சார்புகளைச் சரியாக எழுதியிருந்தால் எப்படிக் கலைத்தாலும் பில்டு தேறும். தோற்றால், எந்த எண்ணை வைத்துக் கலைத்தது என்று காட்டும். அதே எண்ணைக் கொடுத்துத் திரும்ப ஓட்டினால் அதே கலைப்பு கிடைக்கும். உபுண்டு 24.04-இல் மேக் 4.3 தான் இருக்கிறது, புதியதை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். கட்டுவது சுலபம்தான்.

இன்னொன்று. மேக்ஃபைலுக்குள் வைல்ட்கார்டு (நட்சத்திரக் குறி) போட்டு ஃபைல்களைத் திரட்டுகிறவர்கள் கவனிக்க. 2010-இல் வந்த 3.82 பதிப்பிலிருந்து மேக் அந்தப் பெயர்களை அகரவரிசைப்படுத்தாமல் விட்டது, ஃபைல் சிஸ்டம் கொடுத்த வரிசை அப்படியே வந்தது. 2020-இல் 4.3 வந்த பிறகுதான் மறுபடி அடுக்கத் தொடங்கியது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் ஹேஷ் வரிசையில் பெயர்களைக் கொடுக்கும், ஆகவே ஒரே மூலம் இரண்டு கணினியில் இரண்டு வரிசையில் லிங்க் ஆகி, பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகாத பைனரி வரும். மேக்கில் சார்ட் என்று ஒரு செயல்கூறு உண்டு, அதற்குள் வைல்ட்கார்டை வைத்துவிடுங்கள்.

உங்கள் அறுபது ஃபைலுக்கு என் யோசனை சிமேக், மேக்ஃபைல் மாதிரியானவற்றைத் தானே எழுதித் தரும் கருவி. ஃபைல் பெயர்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் கொடுங்கள். ஃபோர்ட்ரான் மூலத்தில் உள்ள மாட்யூல், யூஸ் வரிகளைத் தானே படித்து வரிசையை முடிவு செய்துகொள்ளும். பின்னால் மேக்குக்குப் பதிலாக நிஞ்சா என்ற பில்டு கருவியை வைப்பதாக இருந்தால் அதன் 1.10 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும். பில்டு நடந்துகொண்டிருக்கும்போதே சார்புகளைக் கண்டுபிடித்துச் சேர்க்கும் வசதி அதில்தான் வந்தது. சி++20 மாட்யூல்களும் ஃபோர்ட்ரானின் இதே சிக்கலோடு வந்திருப்பதால், சிமேக் 3.28 அவற்றையும் இதே வழியில்தான் கையாள்கிறது. சிமேக் பெரிசாகத் தோன்றினால் ஃபோர்ட்ரானுக்கென்றே எஃப்பிஎம் என்ற பில்டு கருவி இருக்கிறது, அதுவும் மாட்யூல் வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வள்ளியூரான்

நல்ல இழை. ஆனால் "வரிசையை எழுதாதே, சார்பை எழுது" என்பதை எல்லா இடத்துக்கும் பொது விதி ஆக்கிவிடாதீர்கள். வரிசையே அர்த்தமாக இருக்கும் இடங்களும் உண்டு.

நான் தினமும் எழுதுவது எஃப் ஷார்ப் மொழியில். புராஜெக்ட் ஃபைலில் எந்த வரிசையில் ஃபைல்கள் இருக்கின்றனவோ அதே வரிசையில்தான் கம்பைலர் படிக்கும். கீழே இருப்பது மேலே இருப்பதைப் பயன்படுத்தலாம், மேலே இருப்பது கீழே இருப்பதைத் தொட முடியாது. புதிதாக வருகிறவர்கள் இதைத் தொல்லை என்பார்கள். எனக்கு இது பெரிய வரம். முன்பின் தெரியாத புராஜெக்டைத் திறந்தாலும் மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே போகலாம், ஃபைல்களுக்குள் சுழற்சி இருக்கவே முடியாது.

லினக்ஸ் கர்னலைப் பாருங்கள். அங்கே மேக்ஃபைலில் ஆப்ஜ்-ஒய் பட்டியலில் ஃபைல்கள் நிற்கும் வரிசைக்குப் பொருள் உண்டு என்று அவர்களுடைய ஆவணமே சொல்கிறது. லிங்க் ஆகும் வரிசையில்தான் தொடக்கச் செயல்கூறுகள் பூட்டின்போது ஓடும். இரண்டு ஸ்கஸி டிரைவர்களை இடம் மாற்றினால் டிஸ்க்குகளின் எண்ணே மாறிப்போகலாம். அங்கே போய் அகரவரிசைப்படுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்பாசமுத்திரம்

வள்ளியூரான் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் கம்பைல் வரிசை, லிங்க் வரிசை, ஓடும்போது தொடங்கும் வரிசை மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கர்னல் உதாரணம் பின்னிரண்டைச் சேர்ந்தது. கர்னலின் .சி ஃபைல்களை -ஜே போட்டு எந்த வரிசையில் கம்பைல் செய்தாலும் ஒன்றும் ஆகாது, லிங்க்தான் பட்டியல் வரிசையில் நடக்கிறது.

லிங்க் வரிசையில் நம்மில் பலர் அடி வாங்குவது ஸ்டாட்டிக் லைப்ரரியில். குனு லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும். ஒரு .ஏ லைப்ரரியை அடையும்போது அதுவரை தீராத பெயர்களுக்குத் தேவையான ஆப்ஜெக்டுகளை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும், திரும்பிப் பார்க்காது. லைப்ரரியை அதைக் கேட்கும் ஃபைலுக்கு முன்னால் எழுதினால், யாரும் எதையும் கேட்காத நேரத்தில் அதைத் தாண்டிப் போயிருக்கும். பிறகு வரையறை இல்லாத பெயர் என்று எரர் வரும். கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால். இரண்டு லைப்ரரி ஒன்றை ஒன்று கேட்டால் --ஸ்டார்ட்-குரூப், --எண்ட்-குரூப் இரண்டுக்கும் நடுவில் வைக்கலாம். யூனிக்ஸில் டிசார்ட் என்ற கட்டளை இருக்கிறதே, சார்புகளைக் கொடுத்தால் வரிசை தரும், அது பிறந்ததே அந்தக் காலத்து லைப்ரரிகளில் ஆப்ஜெக்டுகளை அடுக்கத்தான்.

சி++ எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு ஃபைலின் குளோபல் ஆப்ஜெக்ட் இன்னொரு ஃபைலின் குளோபலைத் தன் கன்ஸ்ட்ரக்டரில் தொட்டால், எது முதலில் உருவாகும் என்று மொழி உறுதி தருவதில்லை. லிங்க் வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்து ஓடவைத்துவிட்டு விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். அந்த ஆப்ஜெக்டை ஒரு செயல்கூறுக்குள் ஸ்டாட்டிக்காக வைத்து, முதலில் கேட்கும்போது உருவாகும்படி செய்யுங்கள். சி++11 முதல் இது பல திரெட்களுக்கும் பாதுகாப்பானது.

மேலப்பாளையம்

ஈசிஈ படிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: சில்லு வடிவமைப்பு மொழியான விஎச்டிஎல்லிலும் இதே கதைதான். பேக்கேஜ் முதலில், அதைப் பயன்படுத்தும் என்டிட்டி பிறகு. விவாடோ என்ற மென்பொருள் தானே வரிசைப்படுத்தும். யாராவது அதை மேனுவலுக்கு மாற்றி வைத்திருந்தால் புது ஃபைல் சேர்த்ததும் எரர் வரும், அந்த அமைப்பை முதலில் பாருங்கள்.

பாளைமாணவி

எல்லோருக்கும் நன்றி. சிமேக்குக்கு மாற்றிவிட்டேன், காலி ஃபோல்டரிலிருந்து -ஜே8 போட்டும் ஓடுகிறது. இப்போது வேறு சிக்கல். சேனல் மாட்யூல் அனிகட்டை யூஸ் செய்கிறது. ஆனால் கால்வாய்க் கடைமடையில் மிஞ்சும் தண்ணீர் கொஞ்சம் ஆற்றுக்கே வடிந்து கீழ் அணைக்கட்டுக்கு வருகிறது, அதனால் அனிகட்டும் சேனலைக் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று யூஸ் செய்தால் சுழற்சி என்று சிமேக் பில்டு நிற்கிறது. எந்த வரிசையும் உதவாது போலிருக்கிறதே, அக்கா?

தென்காசிச்சாரல்

உதவாதுதான், தங்கச்சி. ஃபோர்ட்ரானில் மாட்யூல்கள் ஒன்றை ஒன்று யூஸ் செய்ய முடியாது. இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி: வடிந்து வரும் நீரின் அளவு என்ற தகவல் மட்டும்தான் இரண்டுக்கும் பொது. அதை மூன்றாவதாக ஒரு மாட்யூலில் வையுங்கள். சேனல் அதில் எழுதும், அனிகட் அதிலிருந்து படிக்கும். அனிகட்டுக்குச் சேனல் தேவைப்படாது. உங்கள் கணக்குக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, ஃபோர்ட்ரான் 2008-இல் வந்த சப்மாட்யூல். மாட்யூலில் செயல்கூறின் முகப்பை மட்டும் வைத்து, உடலைத் தனி ஃபைலில் சப்மாட்யூலாக எழுதுவது. அனிகட்டின் சப்மாட்யூல் சேனல் மாட்யூலை யூஸ் செய்யலாம், அனிகட் மாட்யூல் செய்யாது, ஆகவே சுழற்சி இல்லை. ஜிசிசி 6 முதல் ஜிஃபோர்ட்ரானில் இது உண்டு. கூடுதலாக ஒரு லாபம்: உடலை மட்டும் மாற்றினால் மாட்யூலின் .மாட் மாறாது, அதை யூஸ் செய்யும் ஃபைல்கள் திரும்பக் கம்பைல் ஆக வேண்டியதில்லை. அறுபது ஃபைலில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பாளைமாணவி

மூன்றாவது மாட்யூல் வழியில் செய்தேன், பில்டு தேறிவிட்டது. சப்மாட்யூலைக் குளங்கள் எழுதும்போது முயற்சி செய்கிறேன். பழைய ஸ்கிரிப்டை ரெப்போவிலிருந்து எடுத்துவிடலாமா, ஜூனியர்கள் யாராவது தேடுவார்களா என்று யோசிக்கிறேன்.

முக்கூடல்

எடுத்துவிடுங்கள். அது அங்கே கிடந்தால் யாராவது அதைத்தான் ஓட்டுவார்கள், மூல ஃபோல்டரில் மறுபடி .மாட் ஃபைல் சேரும். இப்போது அங்கே கிடக்கும் பழைய .மாட் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோரிலும் .மாட், .ஓ இரண்டையும் சேர்த்துவிடுங்கள். சிமேக் இல்லாமல் எப்போதாவது கையால் கம்பைல் செய்தால் பெரிய எழுத்து ஜே, அதாவது -ஜே விருப்பத்தை ஜிஃபோர்ட்ரானுக்குக் கொடுத்து .மாட் ஃபைல்கள் தனி ஃபோல்டருக்குப் போகும்படி வையுங்கள்.